ஏழாவது லைஃப் ஜாக்கெட்

முயில் வாய்க்காலில் லைஃப் ஜாக்கெட்டை மார்பில் மாட்டுவதில்லை. தலைகீழாகத் திருப்பி, கை நுழைக்கும் ஓட்டைகளில் காலை நுழைத்து, இடுப்பில் ஜட்டி மாதிரி கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் தண்ணீரில் உட்கார்ந்தால் போதும், நாற்காலியில் சாய்ந்த மாதிரி நீரோட்டம் முக்கால் மணி நேரம் இழுத்துக்கொண்டு போகும்.

“கடைசியா எங்கம்மா எனக்கு இப்படிக் கட்டிவிட்டப்ப எனக்கு ஒரு வயசு, தோன்யா,” என்றான் வில்பெர்த் தூஸ், தன் இடுப்பைக் குனிந்து பார்த்தபடி. “அவங்களாவது பவுடர் போட்டுவிட்டாங்க.”

நசாரியா கனுல் சிரிக்கவில்லை. மரப் படித்துறையின் விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி மணல் தெரிகிற தண்ணீர். இரு கரையிலும் அலையாத்தி வேர்கள் விரல் விரலாக இறங்கியிருந்தன. ஆறு நாளுக்கு முன்னால் மெரிதா நகரத்துப் பள்ளி வாத்தியார்கள் ஏழு பேர் இதே படித்துறைக்கு வந்தார்கள். கீழ்த்துறையில் கரையேறியது ஆறு பேர். போலீஸார் மூன்று நாள் கம்பு போட்டுத் துழாவிவிட்டு, எவாரிஸ்தோ எஸ்த்ரெய்யா, வயது ஐம்பத்தெட்டு, நீரில் மூழ்கி இறந்திருக்கலாம் என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

நசாரியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்கிற காட்டுக் கிராமத்து மனிதன் மாயன் மொழியில் சொல்வதை நீதிபதிக்கு ஸ்பானிய மொழியில் சொல்வாள். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. ஆட்கள் பொய் சொல்வதை இரண்டு மொழியிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கரியோ புவெர்த்தோவில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் போட்டாள். வில்பெர்த் அதற்கு முன் ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையைத் தொலைத்தவன். இப்போது அவளுக்கு டிரைவர், எடுபிடி, எல்லாம். மரியாதைக்கு அவளைத் தோன்யா, அதாவது அம்மா, என்று கூப்பிடுவான்.

எவாரிஸ்தோவின் மனைவி லியோனோர் முந்தின நாள்தான் அலுவலகத்துக்கு வந்தாள். உயரமான, அகன்ற தோள் கொண்ட பெண்மணி. கணவரின் உடம்பு கிடைத்தால் போதும், அடக்கம் செய்துவிட்டு அழுதுகொள்கிறேன் என்றாள். அவர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர், தனக்கு அவரும் அவருக்குத் தானும் தவிர யாரும் கிடையாது, பிள்ளையும் இல்லை என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி இன்னொன்றும் சொன்னாள். போன மாதம் அவருடைய அலமாரியில் ஒரு புது உயிப்பில் அங்கி இருந்ததாம். வெள்ளைத் துணி, கழுத்தைச் சுற்றிக் கையால் போட்ட பூவேலை. தனக்கு வாங்கியது என்று நினைத்து எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். பாதி அளவுகூட வரவில்லை. யாரோ சின்ன உடம்புக்காரிக்கு வாங்கியது. சுற்றுலா போன அன்று காலையில் அந்த அங்கி அலமாரியில் இல்லை.

“வாத்தியார் மூழ்கல, தோன்யா,” என்று அவள் போனதும் வில்பெர்த் சொன்னான். “வழுக்கிட்டார்.”

எப்படியானாலும் அதே பயணத்தை நாமும் போய்ப் பார்த்துவிடுவோம் என்றாள் நசாரியா. அப்படித்தான் இன்று காலை ஐந்து சுற்றுலாப் பயணிகளோடு சேர்ந்து பழைய மாயன் கோயில் மேட்டைச் சுற்றினார்கள். அன்றைக்கு வந்த அதே வழிகாட்டி எர்மிலோ, அதே படகு. கற்படிகளுக்குக் கீழே, காட்டுப் பாதையில் நடக்கும்போது எர்மிலோ அன்று நடந்ததைச் சொன்னான். கணக்கு வாத்தியாரம்மா ஒருத்தி தெரியாமல் செச்சென் மரத்தில் கையை ஊன்றிவிட்டாள். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். எர்மிலோ ஓடிவருவதற்குள் எவாரிஸ்தோ பத்தடி தள்ளி நின்ற சக்கா மரத்துப் பட்டையை நகத்தால் உரித்து, கசக்கி, அவள் கையில் தேய்த்துவிட்டாராம். செச்சென் விஷத்துக்கு சக்காதான் மருந்து.

“நகரத்து ஆளுக்கு அது எப்படித் தெரிஞ்சது?” என்று நசாரியா கேட்டாள்.

எங்கேயோ படித்தேன் என்று சொன்னாராம்.

“படிச்சவனுக்குப் பேர் தெரியும்,” என்று நசாரியா வில்பெர்த்தின் காதில் சொன்னாள். “கூட்டத்து நடுவுல மரத்தைத் தேடாம போய் உரிக்கிறவன் சின்ன வயசுல சூடு பட்டவன்.”

இப்போது படித்துறையில் எல்லோரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எர்மிலோ முன்னால் மிதந்தான். படகோட்டி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஆள், செருப்பும் பையும் ஏற்றிக்கொண்டு வேறு கிளை வழியாகக் கீழ்த்துறைக்குப் போய்க் காத்திருப்பான். எல்லோரும் அவனை மரியாதையாக தோன் செலே என்று கூப்பிட்டார்கள். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தண்ணீர் மெல்ல இழுத்தது. பேச்சு தேய்ந்தது. வேர்களுக்கு நடுவே ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிறவர் மறைந்து போனார். கடைசியாக இறங்குகிறவனை யாரும் பார்க்க முடியாது என்பதை வில்பெர்த் கவனித்தான். எவாரிஸ்தோ அன்று, நான் கடைசியாக வருகிறேன் என்று சொன்னாராம். முதலை இழுத்திருந்தால் ஒரு சத்தமாவது வந்திருக்குமே என்று வில்பெர்த் மெதுவாகக் கேட்டான்.  நசாரியா கரையில் பிரிந்து போகிற ஒரு சின்னக் கிளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். படகு அந்தப் பக்கம்தான் போயிருந்தது.

கீழ்த்துறையில் ஏறியதும் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் எறிந்தார்கள். எர்மிலோ குனிந்து எண்ணினான். முதுகில் பெயிண்டில் எழுதிய நம்பரைப் பார்த்துப் பார்த்து எண்ணினான்.

“அன்னிக்கும் எண்ணினீங்களா?” என்றாள் நசாரியா.

தினமும் எண்ணுவேன், ஒன்று குறைந்தாலும் என் தலையில்தான் விடியும் என்றான் எர்மிலோ.

“அன்னிக்கு எத்தனை இருந்தது?”

“என்னோடதை விட்டுட்டு ஏழு. ஏழும் இருந்ததுங்க.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.   ஆறு பேர் ஆறு ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டார்கள். மூழ்கின மனிதனுடைய ஜாக்கெட் அவன் இடுப்போடு போயிருக்க வேண்டும். அது எப்படிப் படகுக்கு வந்தது?

“அது தண்ணிக்குள்ள இறங்கவே இல்ல,” என்றாள் நசாரியா. “படகை விட்டு எங்கயும் போகல.”

அவர் இறங்கினதைக் கண்ணால் பார்த்தேன் என்று போலீஸில் சொன்ன ஒரே ஆள் படகோட்டி.

படகு ஏரியைத் தாண்டி, காலையில் ஏறிய பெரிய துறைக்குத் திரும்பியது. மற்றவர்கள் இறங்கி வேனைப் பார்த்துப் போனார்கள். எர்மிலோவையும் அனுப்பிவிட்டாள். துறைக் கொட்டகையின் நிழலில் லியோனோர் உட்கார்ந்திருந்தாள். நேற்றைத் தவிர ஆறு நாளாகக் காலையில் வந்து சாயங்காலம் போகிறாள் என்று டீ விற்கிற பெண் சொன்னாள்.

செலே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நசாரியா படகிலிருந்து இறங்காமல், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், மாயன் மொழியில் கேட்டாள்.

“அவரு ஒழுங்கா சாப்பிடறாரா?”

அவன் கை நின்றது. மறுக்கப் போகிறான் என்று வில்பெர்த் நினைத்தான். செலே கயிற்றைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

“இல்ல,” என்றான். “தூங்கறதும் இல்ல.”

அவர் உயிரோடு இருக்கிறார், ஒரு பொம்பளையோடு இருக்கிறார், அவளை விட்டு வர மாட்டேன் என்கிறார். இதற்கு மேல் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்த அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவருக்குக் கொடுத்த வாக்கு என்று லியோனோர் பக்கம் கண்ணைக் காட்டினான்.

“நான் சொன்னேன்ல,” என்றான் வில்பெர்த். “சின்ன உடம்புக்காரி.”

நசாரியா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். அவள் குனிந்து ஏதோ சொன்னதும் லியோனோர் எழுந்து நின்றதும்தான் இங்கிருந்து தெரிந்தது. லியோனோர் முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு முகம் இறுகியது. படகில் ஏறும்போது வில்பெர்த் நீட்டின கையைப் பிடிக்கவில்லை.

“உயிரோட இருக்கார்னு நன்றி சொல்றதா, ஏன் இருக்கார்னு கேக்கறதா எனக்குத் தெரியல,” என்றாள். “அவ யாருன்னு மட்டும் பாக்கணும்.”

தான் கொடுத்த வாக்கு உடைந்துவிட்டதைப் பார்த்த செலே கயிற்றை அவிழ்த்தான். படகு ஏரியைக் கடந்து, வாய்க்காலில் நுழைந்து, அந்தச் சின்னக் கிளையில் திரும்பியது. வேர்கள் இரு பக்கமும் படகை உரசின. வில்பெர்த் முன் பலகையில் உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில், படகின் உள்பக்கம், ஓட்டுகிறவனின் பெயர் நீல பெயிண்டில் எழுதியிருந்தது. செலெரினோ ஏக்.

“படிச்சியா?” என்றாள் நசாரியா.

படித்தேன் என்றான்.

“ஏக்னா நம்ம பேச்சுல என்ன?”

“நட்சத்திரம். இது தெரியாதா?”

“அதை ஸ்பானிய மொழியில சொல்லு.”

வில்பெர்த் வாயைத் திறந்தான். “எஸ்த்ரெய்யா,” என்று வாத்தியாரின் பெயரையே சொல்லி முடிப்பதற்குள் அவன் பார்வை தானாகப் பின்னால் போயிற்று. மோட்டார் பக்கத்தில் குனிந்திருந்த செலேயின் நெற்றியும், லியோனோர் மடியில் வைத்திருந்த கணவரின் போட்டோவில் இருந்த நெற்றியும் ஒன்றாக இருந்தன. நகரத்தில் வேலைக்குப் போகிற பையன்கள் பெயரை மொழிபெயர்த்துக்கொள்வது அவன் குடும்பத்திலேயே நடந்ததுதான். அவனுடைய சித்தப்பா ஒருவரும் அப்படித்தான் காணாமல் போனார். அவரை யாரும் தேடவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. தோன்றவில்லை.

கிளை முடிகிற இடத்தில் ஒரு மேடு. சோளக் கொல்லை, நாலு கோழி, ஓலை வேய்ந்த நீள்வட்டக் குடிசை. செலே படகைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். லியோனோர்தான் முதலில் நடந்தாள். பெரிய பெரிய அடியாக வைத்துப் போய், வாசலில் நின்றுவிட்டாள்.

உள்ளே நூல் தூளியில் ஒரு கிழவி படுத்திருந்தாள். பத்து வயதுப் பெண்ணின் உடம்புதான் இருக்கும். கண் இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்த புது உயிப்பில் உடுத்தியிருந்தாள். பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்துச் சோளக் கஞ்சியைக் கரண்டியால் ஆற்றிக்கொண்டிருந்தார் எவாரிஸ்தோ. ஆறு நாள் தாடி. மனைவியைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை. 

“எங்கம்மா,” என்றார்.

லியோனோர் வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னது முழுவதையும் தரையைப் பார்த்தே சொன்னார். பத்தொன்பது வயதில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது ஏக் என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். பெயரை மாற்றினார். பெயர் மாறியதும் ஊரைச் சொல்ல முடியவில்லை. ஊரைச் சொல்லாததால் தாயைச் சொல்ல முடியவில்லை. அநாதை என்று ஒரு தடவை சொன்னார், அதையே கல்யாணத்திலும் சொல்ல வேண்டி வந்தது. போன மாதம் தம்பி செலே எப்படியோ தேடிப்பிடித்து, பள்ளிக்கே போன் செய்து, அம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது என்றான். தனியாகக் கிளம்பினால் எங்கே என்று லியோனோர் கேட்பாள். அதனால் இந்தச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தார். மற்றவர்கள் மிதக்கிற முக்கால் மணி நேரத்தில் வந்து பார்த்து, அங்கியைக் கொடுத்து, திரும்பி விடலாம் என்று திட்டம்.

“அப்புறம் ஏன் வரல?” என்றாள் லியோனோர். “ஆறு நாள். தண்ணிக்குள்ள கம்பை விட்டுத் துழாவறதை நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?”

“அவங்களுக்கு என்னை இன்னும் அடையாளம் தெரியல,” என்றார். “கூப்பிட்டுட்டா வந்துடலாம்னு இருந்தேன். இன்னிக்குக் கூப்பிடுவாங்க, நாளைக்குக் கூப்பிடுவாங்கன்னு.”

முதல் நாள், நான்தான் வந்திருக்கிறேன் என்று மாயன் மொழியில் சொன்னாராம். முப்பத்தொன்பது வருஷம் பேசாத மொழி நாக்கில் தடுக்கியது. கிழவி அவரைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று எடுத்துக்கொண்டாள். நம்ம பேச்சு நன்றாகப் பேசுகிறீர்கள் வாத்தியாரே என்று பாராட்டினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவரிடமே கேட்கிறாள், என் பெரியவன் வந்தானா என்று.

பேச்சுச் சத்தம் கேட்டுக் கிழவி தலையைத் திருப்பினாள்.

“யாரு வந்திருக்கறது, வாத்தியாரே?”

எவாரிஸ்தோ ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு, “என் பொண்டாட்டி,” என்றார்.

“மெரிதாவுலேர்ந்தா?”

ஆமாம் என்றார்.

கிழவியின் கை தூளிக்கு வெளியே வந்து காற்றில் துழாவியது. லியோனோர் என்ன செய்வது என்று தெரியாமல் நசாரியாவைப் பார்த்தாள். உங்களைத்தான் தேடுகிறார்கள் என்றாள் நசாரியா. லியோனோர் வந்து தூளிக்கருகே மண்டி போட்டாள். கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நசாரியா பின்னால் நின்று, கோர்ட்டில் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாத குரலில், ஒவ்வொரு வாக்கியமாக ஸ்பானிய மொழியில் சொன்னாள். வில்பெர்த்துக்கு இரண்டும் புரிந்தது. எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

“மெரிதாவுல எனக்கு ஒரு பையன் இருக்கான். ரொம்ப வருஷம் முன்ன ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். பப்பாளிப் பழம் எடுத்துட்டுப் போனேன். ஒரு அம்மா கதவைத் திறந்தாங்க. எவாரிஸ்தோ ஏக்னு கேட்டேன். அப்படி யாரும் இங்க இல்லன்னாங்க. அந்தம்மா மேல தப்பில்ல. அவங்களுக்கு அந்தப் பேரு தெரியாது.”

லியோனோரின் தோள் குலுங்கியது. நசாரியாவை நிறுத்தச் சொல்வாள் என்று வில்பெர்த் எதிர்பார்த்தான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கதவைத் திறந்தது நான்தான் என்று மட்டும், யாருக்கென்று இல்லாமல் சொன்னாள்.

“உள்ள அவன் இருமினது கேட்டது,” என்றாள் கிழவி. “சின்னதுலேர்ந்து அவனுக்கு அந்த இருமல் உண்டு. ஆயிரம் பேர் நடுவுலயும் எனக்குத் தெரியும். அவன் வெளிய வரல.”

இதையும் நசாரியா சொன்னாள். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. கடைசிச் சொல்லில் மட்டும் அவள் குரல் ஒரு தரம் தடுமாறியதை வில்பெர்த் முதல் முறையாகக் கேட்டான். எவாரிஸ்தோ கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“வாத்தியாரே, நீங்க ஊருக்குத் திரும்பறப்ப அவனைப் பாத்தா சொல்லுங்க. எனக்குக் கோபம் இல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நானாத்தான் கிளம்பி வந்தேன்னு சொல்லுங்க. அவன் அதையே நெனச்சுக்கிட்டுக் கிடப்பான். சின்னதுலயும் அப்படித்தான்.”

 வெளியே கோழி ஒன்று ஓலையைக் கிளறியது.

“சொல்லிடறேன்,” என்றார் எவாரிஸ்தோ, கைகளுக்கு உள்ளிருந்து.

“மறந்துடாதீங்க.”

“மறக்க மாட்டேன்.”

கிழவி திருப்தியாகத் தலையைச் சாய்த்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு லியோனோர் பக்கமே திரும்பி, அதே ஊர்தானே நீ, அவனை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா, ஆள் மெலிந்து போயிருக்கிறானா என்று கேட்டாள். நசாரியா அதை மொழிபெயர்த்தாள்.

லியோனோர் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கணவர் பக்கம் திரும்பவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது அவளிடம் நிறைய இருந்தது. அது வீட்டுக்குப் போய் நாள் கணக்காக, ஒருவேளை வருஷக் கணக்காகப் பேச வேண்டியது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தரையிலிருந்த கிண்ணத்தை எடுத்து, அவர் விரலிடுக்கிலிருந்து கரண்டியை உருவிக்கொண்டாள்.

“இல்லம்மா,” என்றாள். “மெலியல. பாத்திருக்கேன். நல்லா சாப்பிடறார். நான்தான் போடறேன்.”

நசாரியா அதை மாயன் மொழியில் சொன்னாள். கிழவி கேட்டு முடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த வாய்க் கஞ்சிக்காக வாயைத் திறந்தாள்.